மனம் ஓர் இயந்திரமா? இளம்பிள்ளைத் தறியையும் ஏற்காடு பஸ்ஸையும் வைத்து ஒரு விளக்கம்

2024-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு ஜான் ஹாப்ஃபீல்டு, ஜெஃப்ரி ஹின்டன் இருவருக்கும் கிடைத்தது. நரம்பணுக்களின் வேலையைப் பார்த்து உருவாக்கிய செயற்கை நரம்பு வலைகள் தொடர்பான ஆய்வுக்கு அந்தப் பரிசு. அதற்கு முன்பே, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்ததிலிருந்து, கையில் இருக்கும் போன் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் எழுதுகிறது, லீவ் லெட்டர் எழுதித் தருகிறது, மனசு சரியில்லை என்று சொன்னால் ஆறுதல்கூடச் சொல்கிறது. சேலத்தில் கல்லூரி வகுப்பறையிலும் டீக்கடை பெஞ்சிலும் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் கொஞ்ச நேரத்தில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: இயந்திரம் யோசிக்கிறது என்றால், யோசிக்கிற நாமும் இயந்திரம்தானா?

இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ‘எல்லாம் மூளைக்குள்ள ஓடுற கரண்ட்தாங்க’ என்பது ஒன்று. ‘உயிர் இருக்கிறதையும் இரும்பையும் ஒண்ணா வெச்சுப் பேசாதீங்க’ என்பது மற்றது. சண்டை முடியாததற்குக் காரணம், இருவரும் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதுதான்.

## ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகள்

1. மூளையில் நடப்பது எல்லாமே காரணம், விளைவு என்ற சங்கிலிக்குள் அடங்குமா? செல், அயனி, மின்னழுத்தம் என்று படிப்படியாக விளக்கிக்கொண்டே போனால் சங்கிலி எங்காவது அறுந்துபோகுமா, போகாதா?

2. அறுந்துபோகாது என்றால், அந்த வேலை ஒரு கணக்கீடா? கணக்கீடுதான் என்றால், அதே கணக்கை சிலிக்கானில் ஓட்டினாலும் மனம் வந்தாக வேண்டும்.

3. வலி, கசப்பு, பயம் என்று உள்ளே உணர்கிறோமே, அந்த உணர்வு இந்த விளக்கத்துக்குள் வருமா?

முதலாவதற்கு இன்றைய அறிவியல் தரும் பதில் ஏறக்குறைய ‘ஆம்’. இரண்டாவதில் தீர்ப்பு வரவில்லை. மூன்றாவதில் எதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்வது என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் உடன்பாடு இல்லை. இவற்றுக்கு அடியில் நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதை யாரும் அதிகம் கேட்பதில்லை. மனம் இயந்திரம் என்றே வைத்துக்கொள்வோம், அதனாலேயே அது நமக்குப் புரிந்துவிடுமா? இந்தக் கட்டுரை போய்ச் சேரும் இடம் அதுதான்.

## முதலில், இயந்திரம் என்றால் எது?

இயந்திரம் என்றதும் பல்சக்கரமும் புகையும் கண்முன் வந்தால் விவாதம் ஆரம்பத்திலேயே தடம் மாறிவிடும். சேலத்துக்குப் பக்கத்தில், சேலை நெசவுக்குப் பேர்போன இளம்பிள்ளையில் ஒரு ஜக்கார்டு தறியைப் பார்த்தால் சரியான படம் கிடைக்கும்.

தறிக்கு மேலே ஒரு பெட்டி. பக்கத்தில் ஒன்றோடொன்று கோத்த அட்டைகள் மாலைபோலத் தொங்கும். ஒவ்வோர் அட்டையிலும் சில இடங்களில் ஓட்டை இருக்கும், சில இடங்களில் இருக்காது. ஊடை நூல் ஒருமுறை குறுக்கே ஓடுவதற்கு ஓர் அட்டை. அட்டை வந்து ஊசிகளின் மேல் அழுந்தும்போது, ஓட்டை உள்ள இடத்தில் ஊசி உள்ளே போய்விடும். அதோடு சேர்ந்த கொக்கி மேலே தூக்கப்படும், நீளவாக்கில் ஓடும் பாவு நூல் எழும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி பின்னால் தள்ளப்படும், கொக்கி விலகிக்கொள்ளும், அந்த நூல் கீழேயே கிடக்கும். எழுந்த நூலுக்கும் கிடந்த நூலுக்கும் நடுவே ஊடை ஓடும். அட்டை மாறும். இப்படியே போய் முந்தியில் மாங்காயோ மயிலோ வந்துவிடும். அட்டைக்கு மயிலைத் தெரியாது, கொக்கிக்கும் தெரியாது.

பிரான்சில் ஜோசஃப் மரி ஜக்கார்டு 1804-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. இதற்கும் மனதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரடிச் சம்பந்தம் உண்டு. இங்கிலாந்தில் சார்ல்ஸ் பாபேஜ் 1830-களில் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு உத்தரவு கொடுக்க இந்த ஓட்டை அட்டைகளைத்தான் எடுத்துக்கொண்டார். 1843-இல் அந்தப் பொறியை விளக்கி எழுதிய அடா லவ்லேஸ், ஜக்கார்டு தறி பூவையும் இலையையும் நெய்வதுபோல இது இயற்கணித வடிவங்களை நெய்யும் என்றார். அதே கட்டுரையில் ஓர் எச்சரிக்கையும் வைத்தார். நாம் சொல்லத் தெரிந்ததை அது செய்யும், தானாக எதையும் புதிதாகத் தொடங்காது என்றார். அட்டை இல்லாமல் தறி பூப்போடாது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். இன்றைக்கு ஏ.ஐ. பற்றி டீக்கடையில் எழும் ஆட்சேபணையும் இதேதான். 180 வருடங்களாக அது மாறவில்லை.

அப்புறம் 1936-இல் கணிதவியலாளர் ஆலன் டியூரிங் இயந்திரத்திலிருந்து இரும்பை முழுசாக எடுத்துவிட்டார். ஒரு நீண்ட நாடா, அதில் கட்டம் கட்டமாகக் குறிகள், ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தைப் படித்து விதிப்படி அழிக்கவோ எழுதவோ நகரவோ செய்யும் ஒரு தலை, அவ்வளவுதான். விதி எழுதிக் கணக்கிடக்கூடிய எதையும் இந்த எளிய ஏற்பாடு கணக்கிட்டுவிடும். அது மரமா, பித்தளையா, சிலிக்கானா என்பது பொருட்டல்ல.

இதில் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. டியூரிங் இந்த இயந்திரத்தை வரைந்தது பேப்பரும் பென்சிலும் வைத்துக் கணக்குப் போடும் மனிதரைப் பார்த்து. அந்த மனிதர் ஒரு நேரத்தில் எத்தனை குறிகளைப் பார்க்க முடியும், அடுத்து என்ன செய்வார் என்று யோசித்து, அந்த வேலையை மட்டும் பிரித்தெடுத்தார். மனம் கம்ப்யூட்டர் மாதிரி இருக்கிறதே என்று நாம் இப்போது ஆச்சரியப்படுகிறோம். கம்ப்யூட்டரின் மூலமே மனதின் ஒரு வேலையைப் பார்த்து வரைந்த படம்தான்.

ஒவ்வொரு காலமும் தன்னிடம் இருந்த சிறந்த கருவியை மனதுக்கு மாட்டிப் பார்த்திருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் தத்துவவாதி ரெனே தெகார்த் நீர்விசையால் ஆடும் தோட்டத்துப் பொம்மைகளைச் சொன்னார். உடல் முழுவதும் இயந்திரம், விலங்குகளும் இயந்திரம், மனிதரின் ஆன்மா மட்டும் விலக்கு என்பது அவர் கட்சி. 20-ஆம் நூற்றாண்டின் நரம்பியல் மேதை சார்ல்ஸ் ஷெரிங்டன் விழித்தெழும் மூளையை ஒரு மாயத் தறி என்று வர்ணித்தார். பிறகு டெலிபோன் எக்சேஞ்ச் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, இப்போது சாட்பாட். ஆகவே ‘மூளை ஒரு கம்ப்யூட்டர்’ என்ற வாக்கியத்தைக் கேட்டால், அதில் எவ்வளவு ஆராய்ச்சி, எவ்வளவு காலத்தின் மோஸ்தர் என்று பிரித்துப் பார்ப்பது நல்லது.

## மூளை: இதுவரை உறுதியானவை

சராசரி மனித மூளையின் எடை 1.4 கிலோ அளவு. அதில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். செலவழிக்கும் ஆற்றல் சுமார் 20 வாட், ஓர் எல்இடி டியூப்லைட்டுக்கு ஆகும் அளவு.

நரம்பணு எப்படிச் சைகை அனுப்புகிறது என்பது மர்மமாக இருந்தது. ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி இருவரும் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் மின்னழுத்தத்தை அளந்து, 1952-இல் சமன்பாடுகளாகவே எழுதிவிட்டார்கள். நரம்பிழையின் சுவரில் நுண்ணிய வாசல்கள் உண்டு. தூண்டல் வந்தால் சோடியம் வாசல் திறக்கும், சோடியம் அயனிகள் உள்ளே பாயும், அழுத்தம் ஏறும். உடனே பொட்டாசியம் வெளியேறும், அழுத்தம் இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் நரம்பின் வழியே அலையாக ஓடுவதுதான் சைகை. இருவருக்கும் 1963-இல் நோபல் கிடைத்தது. இதில் ஆவிக்கு இடமில்லை, தேவையும் படவில்லை.

அதற்கு முன்பே, 1943-இல், வாரன் மெக்கல்லக்கும் வால்டர் பிட்ஸும் நரம்பணுவை ‘ஆம், இல்லை’ என்று மட்டும் சொல்லும் பொத்தானாக எளிமைப்படுத்தினால், அவற்றைக் கோத்து எந்தத் தர்க்க வாக்கியத்தையும் கட்டலாம் என்று காட்டியிருந்தார்கள். ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை என்ற அதே ஏற்பாடு. இன்றைய செயற்கை நரம்பு வலைகளின் வம்சம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. நிஜ நரம்பணு இவ்வளவு எளிமையானது இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மனம் பாகங்களால் ஆனது என்பதற்கு வலுவான சாட்சி ஒரு நோயாளி. 1953-இல் அமெரிக்காவில், வலிப்பை நிறுத்துவதற்காக ஹென்றி மொலைசன் என்பவருக்கு மூளையின் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸ் பகுதியை வெட்டி எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு 2008-இல் இறக்கும்வரை புதிதாக எந்தச் சம்பவமும் அவர் நினைவில் தங்கவில்லை. பேசிவிட்டுப் போன டாக்டர் திரும்பி வந்தால் புது ஆளாகவே வரவேற்பார். உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரக் கோட்டின்மேல் பென்சில் ஓட்ட வேண்டும். நாளுக்கு நாள் கை நன்றாகப் பழகிக்கொண்டே வந்தது. ஆனால் முந்தைய நாள் இதைச் செய்த நினைவே அவருக்கு இல்லை. சம்பவத்தை நினைப்பதற்கு ஓர் இடம், கைப்பழக்கத்துக்கு வேறொரு இடம் என்று தெரியவந்தது இப்படித்தான். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் கண்ணிகளைப் பற்றவைக்கிறவரிடம் எவ்வளவு சூடு காட்டுகிறீர்கள் என்று கேட்டால், ‘கைக்குத் தெரியும்ங்க’ என்பார். அந்தப் பதில் நரம்பியல்படியும் சரி.

## கொண்டை ஊசி வளைவில் ஏன் வாந்தி வருகிறது?

‘காரண விளக்கம்’ எவ்வளவு தூரம் போகும், எங்கே நின்றுவிடும் என்பதைப் பார்க்க ஏற்காடு பஸ்ஸைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறுவதற்குள் பின் சீட்டில் யாராவது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருப்பார். பக்கத்தில் ஒருவர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பார். போன் பார்த்துக்கொண்டே வந்த பிள்ளைக்குத்தான் முதலில் வயிற்றைப் புரட்டும். டிரைவருக்கு ஒன்றும் ஆகாது. ஏன்?

உள்காதில் இருபுறமும் மூன்று மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு, உள்ளே திரவம். தலை திரும்பும்போது குழாய் திரும்பும், திரவம் ஒரு கணம் பின்தங்கும். அந்தப் பின்தங்கல் நுண்மயிர்ச் செல்களை வளைக்கும், தலை இந்தப் பக்கம் இவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்ற செய்தி மூளைக்குப் போகும். இதை இப்போதே சோதிக்கலாம். போனை அசையாமல் பிடித்து, தலையை இடமும் வலமுமாக வேகமாக ஆட்டிக்கொண்டே இந்த வரியைப் படியுங்கள். படிக்க முடியும். இப்போது தலையை அசைக்காமல் அதே வேகத்தில் போனை ஆட்டுங்கள். எழுத்து கலங்கிவிடும். முதல் முறை உள்காது கொடுத்த செய்தியை வைத்து, கண் அதே அளவு எதிர்த்திசையில் திருப்பப்பட்டது. செய்தி புறப்பட்டுக் கண் அசைய நூறில் ஒரு பங்கு விநாடி அளவே ஆகிறது. நீங்கள் எதையும் ‘யோசிக்க’வில்லை. இயந்திரம் என்ற சொல் இந்த இடத்தில் உறுத்தவே இல்லை.

பஸ் வளையும்போது உள்காது ‘திரும்புகிறோம்’ என்கிறது. போன் திரையைப் பார்க்கும் கண் ‘எதுவும் நகரவில்லை’ என்கிறது. மூளையோ உடல் அடுத்து எங்கே இருக்கும் என்று எந்நேரமும் முன்கூட்டியே கணித்துக்கொண்டிருக்கும் உறுப்பு. கை கால்களுக்கு உத்தரவு அனுப்பும்போது அதன் ஒரு நகலைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, வரப்போகும் அசைவை எதிர்பார்த்திருக்கும். ஸ்டீயரிங்கை ஒடிப்பவர் டிரைவர் என்பதால் அவர் மூளையின் கணிப்பும் வந்த செய்தியும் பொருந்துகின்றன. பின் சீட்டில் இருப்பவருக்குப் பொருந்துவதில்லை. இந்தப் பொருந்தாமை தொடர்ந்தால் குமட்டல் வருகிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். உள்காதின் சமநிலை உறுப்பு இரண்டு பக்கமும் செயலிழந்தவர்களுக்குப் பயண வாந்தி வருவதில்லை என்பது இதற்குப் பெரிய பலம். மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரைகளில் பல, மூளையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கின்றன. அதே ஹிஸ்டமின்தான் நம்மை விழிப்பாக வைத்திருப்பதிலும் பங்கு வகிக்கிறது. அதனால்தான் மாத்திரை போட்டவர் ஊர் வருவது தெரியாமல் தூங்கிவிடுகிறார்.

இந்த விளக்கத்தில் உடனே கண்ணில் படும் இடைவெளி எதுவும் இல்லை. உறுப்பு, செய்தி, கணிப்பு, முரண், வேதிப்பொருள், வாந்தி என்று எல்லாக் கண்ணியும் இருக்கிறது. ஆனால் வயிற்றைப் புரட்டுகிறதே, அந்தத் துன்பம், அது எந்தக் கண்ணியில் இருக்கிறது? செய்தி முரண்பட்டால் வாந்தியெடுக்கும் ஓர் எந்திரப் பொம்மையை நாளைக்கே செய்துவிடலாம். அதற்குக் குமட்டுமா? 1995-இல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் இதைத்தான் ‘கடினமான சிக்கல்’ என்று பெயரிட்டுத் தனியாக வைத்தார். எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லி முடித்த பிறகும், வேலை செய்யும்போது ஏன் ஓர் உணர்வு கூடவே இருக்கிறது என்பது பாக்கி நிற்கிறது. தத்துவவாதி லைப்னிட்ஸ் 1714-இலேயே இதைச் சொல்லிவிட்டார். யோசிக்கும் இயந்திரத்தை ஒரு மாவு மில் அளவுக்குப் பெரிதாக்கி உள்ளே நடந்து பார்த்தால், ஒன்றையொன்று தள்ளும் பாகங்கள்தான் தெரியும், உணர்வு எங்கும் தெரியாது என்றார்.

போலிச் சிக்கல் இது என்பவர்களும் உண்டு. டேனியல் டென்னெட் அப்படி வாதாடியவர்களில் முக்கியமானவர். எல்லா வேலைகளையும் விளக்கிவிட்டால் ‘உணர்வு’ என்று தனியாக ஒன்று மிச்சமில்லை என்பது அவர் தரப்பு. வாந்தி வரும் நேரத்தில் இந்த வாதத்தை நம்புவது எனக்குக் கஷ்டம். ஆனால் நம்பக் கஷ்டம் என்பதால் மட்டும் ஒரு வாதம் பொய்யாகிவிடாது.

## கணக்கீடுதானா?

இரண்டாவது கேள்வியில் வாதங்கள் ஏராளம். பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடுபவை மூன்று.

1. டியூரிங், 1950. ‘இயந்திரம் யோசிக்குமா’ என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை, எழுத்து மூலம் பேசிப் பார்த்து மனிதரா இயந்திரமா என்று பிரிக்க முடிகிறதா என்று பாருங்கள் என்றார். இதில் ஒரு பலவீனம் சீக்கிரமே தெரிந்தது. 1966-இல் ஜோசஃப் வைசன்பாம் எழுதிய எலைசா என்ற சின்ன நிரல், நாம் தட்டச்சு செய்த வாக்கியத்தையே கேள்வியாகத் திருப்பிப் போடும். அதற்கே ஆட்கள் மனதைத் திறந்து கொட்டினார்கள். அவர் அதிர்ந்துபோனார். எதிரே மனம் இருக்கிறது என்று நம்ப நமக்கு அதிகம் தேவைப்படுவதில்லை.

2. ஜான் சேர்ல், 1980. சீனம் தெரியாத ஒருவரை அறையில் அடைத்து, எந்த எழுத்து வந்தால் எந்த எழுத்தை வெளியே தள்ள வேண்டும் என்ற விதிப்புத்தகத்தைக் கொடுத்துவிடுங்கள். வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே சீனம் தெரிந்தவர் இருக்கிறார் என்றே தோன்றும். உள்ளே இருப்பவருக்கோ ஓர் எழுத்தும் புரியாது. கம்ப்யூட்டரும் இப்படித்தான், குறிகளைத் தள்ளுகிறது, பொருள் தெரியாது என்றார். ‘அந்த ஆளுக்குத் தெரியாவிட்டால் என்ன, ஆளும் புத்தகமும் அறையும் சேர்ந்த மொத்தத்துக்குத் தெரிகிறது’ என்பது வழக்கமான மறுப்பு. உங்கள் நரம்பணு எதற்கும் தமிழ் தெரியாது, உங்களுக்குத் தெரிகிறதே என்று யோசித்தால் மறுப்பின் பலம் விளங்கும்.

3. கூடெல் வழி வாதம். கூர்ட் கூடெல் 1931-இல், எண்கணிதம் அடங்கிய, முரணற்ற எந்த விதித்தொகுப்பிலும் அதற்குள் நிறுவ முடியாத உண்மைகள் இருக்கும் என்று நிறுவினார். அந்த உண்மையை மனிதர் கண்டுகொள்கிறார், ஆகவே மனிதர் விதித்தொகுப்பு அல்ல என்று ஜான் லூகாஸும் பிறகு ரோஜர் பென்ரோஸும் சொன்னார்கள். கேட்க அழகாக இருக்கும். ஆனால் மனித மனம் முரணற்றது என்று யார் சொன்னது? தேர்தல் நேரத்தில் எந்தக் குடும்பத்தையும் கவனித்தால் போதும், இந்த வாதத்தின் முதல் படியே ஆடிவிடும்.

## நம் மரபு கோடு போட்டது வேறிடத்தில்

‘மனதை இயந்திரம் என்பது மேற்கத்தியச் சரக்கு, நம் மரபுக்கு ஒவ்வாது’ என்று ஒரு பேச்சு உண்டு. தமிழ் நூல்களைப் புரட்டினால் படம் வேறாக இருக்கிறது.

மணிமேகலையின் 27-ஆவது காதையில் பல சமயத்தாரும் தங்கள் கொள்கையைச் சொல்கிறார்கள். அவர்களில் பூதவாதி ஒருவர். ஆத்திப்பூவையும் வெல்லத்தையும் மற்றதையும் சேர்த்து ஊறவைத்தால் கள்ளில் போதை பிறப்பதுபோல, நிலம், நீர் முதலிய பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்கிறார். பூவில் போதை இல்லை, வெல்லத்தில் இல்லை, கூட்டில் வருகிறது. நரம்பணு ஒன்றுக்கு அறிவில்லை, 8,600 கோடி சேர்ந்தால் வருகிறது என்று இன்று சொல்வதற்கும் இதற்கும் கட்டமைப்பில் பெரிய வித்தியாசம் இல்லை.

சைவ சித்தாந்தம் பூதவாதத்தை மறுக்கிறது. ஆனால் மறுக்கும் இடத்தைப் பாருங்கள். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற நான்கு அந்தக்கரணங்களும் (உள்கருவிகளும்) மாயை என்ற மூலப்பொருளிலிருந்து தோன்றியவை, தாமாக எதையும் அறியாத சடப்பொருள்கள் என்கிறது. அறிவது உயிர், இவை உயிருக்கு வாய்த்த கருவிகள். 13-ஆம் நூற்றாண்டின் சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரிடம் போய் ‘நினைப்பதும் தீர்மானிப்பதும் நான் என்று எண்ணுவதும் சடத்தின் வேலை’ என்று சொன்னால் அவர் அதிர்ச்சியடைய மாட்டார். தெகார்த் கோடு போட்டது உடலுக்கும் மனதுக்கும் நடுவே. சித்தாந்தம் போட்டது மனதுக்கும் உயிருக்கும் நடுவே. நினைவு, கணிப்பு, முடிவு எல்லாம் இயந்திரப் பக்கம் போய்விட்டன. மிச்சம் நிற்பது அறிபவர் யார் என்ற ஒன்றுதான். சால்மர்ஸின் கடினமான சிக்கலும் அதே இடத்தில்தான் நிற்கிறது. இதனால் சித்தாந்தம் சரி என்று அறிவியல் நிரூபித்துவிட்டதாக யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம். சிக்கல் எங்கே இருக்கிறது என்பதில்தான் இருவரும் ஒத்துப்போகிறார்கள், தீர்வில் இல்லை.

## இயந்திரம்தான் என்றால் புரிந்துவிடுமா?

இப்போது அந்த நான்காவது கேள்வி. ‘மனம் இயந்திரம்’ என்பவரும் சரி, ‘இல்லை’ என்பவரும் சரி, இயந்திரம் என்றால் புரியக்கூடியது என்று பேசாமலே ஏற்றுக்கொள்கிறார்கள். ஜக்கார்டு தறிக்கு அது பொருந்தும். முந்தியில் மயிலின் கண் தப்பாக விழுந்தால், நெசவாளர் அட்டைகளை எண்ணிப் போய், தப்பாகக் குத்திய ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டிவிடுவார். ஒவ்வோர் ஓட்டையையும் யாரோ ஒரு காரணத்தோடு குத்தியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்க முடியும்.

மூளை விஷயத்தில் நிலைமை என்ன?

1. சீ. எலிகன்ஸ் என்பது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழு. அதன் உடலில் 302 நரம்பணுக்கள். அவற்றுக்கிடையே உள்ள முழு இணைப்புப் படமும் 1986-இல் வெளியானது. ஏறக்குறைய 40 வருடம் ஆகிறது. வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் புழு அடுத்து என்ன செய்யும் என்று முழுமையாகச் சொல்ல இன்றும் முடியவில்லை. கம்பி எங்கே போகிறது என்று தெரியும். எந்தக் கம்பி எவ்வளவு பலம், எப்போது மாறும், கம்பிக்கு வெளியே பரவும் வேதிப்பொருள்கள் என்ன செய்யும் என்பதெல்லாம் படத்தில் இல்லை.

2. 2024-இல் முதிர்ந்த பழ ஈயின் முழு மூளைக்கும் இணைப்புப் படம் வந்தது. சுமார் 1,40,000 நரம்பணுக்கள், 5 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள். அதே ஆண்டு சென்னை ஐஐடியின் மூளை ஆய்வு மையம் கருவிலிருக்கும் குழந்தையின் மூளைக்கு 5,132 வெட்டுப்பரப்புகள் கொண்ட ‘தரணி’ வரைபடத்தை வெளியிட்டது. அரிய வேலைகள். ஆனால் வரைபடம் வேறு, விளக்கம் வேறு.

3. நாமே கட்டிய இயந்திரமும் நமக்குப் புரியவில்லை என்பதுதான் இந்தப் பத்தாண்டின் புதுச் செய்தி. சாட்பாட்டுகளுக்குள் இருப்பது கோடிக்கணக்கான எண்கள். அவற்றை யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. எழுத்துக்குவியலைக் கொடுத்து, அடுத்த சொல்லைக் கணிக்கச் சொல்லி, தப்பும்போதெல்லாம் எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே போனதில் தாமாக அமைந்தவை. ஒவ்வோர் எண்ணையும் திரையில் பார்க்கலாம், ஆனால் ‘மயிலுக்கான அட்டை எது’ என்று கேட்டால் அப்படித் தனியாக ஓர் அட்டை இல்லை. மயில் பல்லாயிரம் எண்களில் கரைந்து கிடக்கிறது, அதே எண்களில் மாங்காயும் கிடக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்கவே தனி ஆய்வுத்துறை உருவாகியிருக்கிறது.

டேவிட் மார் என்ற ஆய்வாளர் சொன்ன பிரிவு இங்கே உதவும். ஒரு கணிக்கும் கருவியை மூன்று மட்டங்களில் புரிந்துகொள்ள வேண்டும்: என்ன வேலை செய்கிறது, எந்த வழிமுறையில் செய்கிறது, எந்தப் பொருளால் செய்கிறது. ஜக்கார்டில் மூன்றும் தெரியும். மூளையில் மூன்றாவது மட்டம் நிறையத் தெரியும், முதலாவது ஓரளவு தெரியும், நடு மட்டம் பெரும்பாலும் இருட்டு. கண்ணைத் திருப்பும் அனிச்சைச் செயல் போன்ற சில இடங்களில் மட்டும்தான் மூன்றும் வரிசையாக வந்து நிற்கின்றன. ஆகவே என் கணிப்பு இது: மனம் இயந்திரம் என்று ஒருநாள் எல்லோரும் ஒப்புக்கொண்டாலும், தறியைப் புரிந்துகொண்டதுபோல அதைப் புரிந்துகொள்ளப் போவதில்லை. மழையைக் கணிப்பதுபோல, பெருமளவுக்குச் சரியாக, சில நாள் தப்பாக, புரிந்துகொள்வோம். லவ்லேஸின் எச்சரிக்கை தறிக்குப் பொருந்தும், அட்டை குத்த ஆளில்லாத இயந்திரத்துக்கு அப்படியே பொருந்தாது.

## நடைமுறையில் இது எங்கே இடிக்கிறது?

மருத்துவத்தில் அதிகம் இடிப்பதில்லை. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் நனவை மருந்தின் அளவால் ஏற்றி இறக்குகிறார், தத்துவம் முடிவாகட்டும் என்று காத்திருப்பதில்லை. மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுப்பதும், பேசிக் குணப்படுத்துவதும் ஒரே உறுப்பின்மேல் இரண்டு வழியில் வேலை செய்வதுதான். ‘மனசு சம்பந்தப்பட்டது, மாத்திரை எதுக்கு’ என்று நிறுத்திவிடுகிறவர்கள் தெகார்த்தின் கோட்டை அறியாமலே பின்பற்றுகிறார்கள்.

சட்டத்தில் இடிக்கிறது. எல்லாமே காரணம், விளைவு என்றால் குற்றவாளியை எப்படிக் குறைசொல்வது என்ற கேள்வி பழையது. சட்டம் அதை நேராக எதிர்கொள்ளாமல் ஒரு நடைமுறைக் கோட்டைப் போட்டிருக்கிறது. மனநலக் கோளாறால், தான் செய்வதன் தன்மையையோ அது தவறு என்பதையோ அறிய முடியாத நிலையில் ஒருவர் செய்தது குற்றமாகாது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆவது பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 84. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே முதலில் கொள்ள வேண்டும் என்கிறது. இரண்டுமே மனம் பழுதுபடக்கூடிய ஒன்று என்று ஏற்கும் சட்டங்கள். பழுதுபடாத நேரத்தில் அது இயந்திரமா இல்லையா என்பதை அவை தொடவில்லை.

இயந்திரத்தைக் கொண்டு மனதைத் திறந்து பார்க்கலாமா என்பதற்கு மட்டும் நம் நாட்டில் நேரடித் தீர்ப்பு உண்டு. சந்தேக நபருக்கு மருந்து ஏற்றிப் பேசவைக்கும் நார்கோ சோதனை, பொய் கண்டறியும் கருவி, மூளை மின்னலைகளைப் பதிவு செய்து ‘இந்தச் சம்பவம் இவருக்குத் தெரியுமா’ என்று பார்க்கும் சோதனை ஆகிய மூன்றையும் ஒருவர் சம்மதமில்லாமல் செய்யக்கூடாது என்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தச் சோதனைகளின் நம்பகத்தன்மையில் உள்ள ஐயங்களையும் தீர்ப்பு எடுத்துப் பேசியது, ஆனால் அதோடு நிற்கவில்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியலமைப்பின் 20(3) பிரிவையும், 21-ஆவது பிரிவு தரும் தனிமனிதச் சுதந்திரத்தையும் அடிப்படையாக வைத்தது. அதனால் நாளைக்கு மூளை அலையைத் தப்பில்லாமல் படிக்கும் கருவி வந்துவிட்டாலும், அதன் துல்லியத்தை மட்டும் காட்டி அந்தச் சம்மதத்தைத் தாண்டிவிட முடியாது.